நாயனத்துக்கு ஆசனம் தேடித் தந்தவர்

சோழநாட்டிலே நாகபட்டினத்துக்கு அண்மையில் உள்ள திருமருகல் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. தன்னை மணக்கவிருந்தவன் அரவு தீண்டி மாண்டு கிடக்கக் கண்டு அரற்றிய வணிகர்குலப் பெண்ணொருத்தியின் துயர் பொறாது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் பதிகம் பாடி அவனை உயிர்ப்பித்து, இருவருக்கும் மணஞ் செய்வித்தருளினார் என்று பெரியபுராணம் கூறும் தலம் அதுவே. பின்னாளில் தமிழர் மணப்பந்தர்களில் ஒலிக்கும் நாதஸ்வரத்தின் தொனியையும் அதனை வாசிப்போரின் நிலையையும் ஒருங்கே மாற்றிவிட்ட இராஜரத்தினம் பிள்ளை, அத்தலத்திலே 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் குப்புசாமிப் பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம்.

தாய்மாமனாகிய நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்து நாதஸ்வர வித்துவானாக விளங்கியவர். அவரே மருமகனைச் சுவீகாரமாக ஏற்றார். ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் மாமன் பெயரின் முதலெழுத்தும் முன்னிற்க, டி. என். இராஜரத்தினம் பிள்ளை என்னும் பெயர் உலகறிய நிலைத்தது. திருவாவடுதுறை என்றதும் ஈழத்துச் சைவருக்கு வேறொரு நினைவும் எழும். நல்லூர் ஆறுமுகம் பிள்ளைக்கு 1849 இல் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது அந்த ஆதீனமே. நம் இந்துக் கல்லூரிகளை ஈன்ற சைவக் கல்வி மரபுக்கும், இவர் வளர்ந்த இசை மரபுக்கும் அந்த மடத்தின் வாயில் பொதுவாயிற்று. பழைய மாணவர் மலரொன்றில் ஒரு நாதஸ்வர வித்துவானின் வரலாற்றை எழுதுவதற்கு இதனினும் வேறு நியாயம் வேண்டுமோ?

அக்காலத்துக் கலியாணம் மேளகாரருக்கு எத்தகைய தொழில் என்பதை இக்காலத்தார் எண்ணிப் பார்த்தல் அரிது. முகூர்த்தம் ஒரு நாழிகையாயினும் வேலை பல நாளைக்கு உரியது. மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதாம்பூலம், முகூர்த்தம், நலங்கு, ஊஞ்சல், இரவு ஊர்வலம் என்ற ஒவ்வொன்றுக்கும் நாயனமே முன்னிற்றல் வேண்டும். விடியுமுன் பூபாளம், வெயில் ஏற ஏற பிலஹரியும் தன்யாசியும், இரவானால் வேறு இராகங்கள். முகாரியை மணவீட்டார் விரும்பார். அழுகையின் இராகம் அது என்று யாரோ என்றோ சொன்னதே போதும். ஊர்வலத்திலோ, காஸ் விளக்குகளின் நடுவே மாப்பிள்ளை வண்டி எறும்பினும் மெல்ல ஊர, சந்திதோறும் நின்று நின்று வாசித்து வீடு சேரும்போது கோழி கூவிவிடும். அத்தனை நேரமும் வித்துவான்கள் நின்றபடியும் நடந்தபடியுமே வாசிப்பர்.

கருவியும் இலகுவானதன்று. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த குழலின் மேல்நுனியில், நாணற்றட்டையைப் பதப்படுத்திச் செய்த சீவாளி என்னும் சிறு நாக்குப் பொருத்தப்படும். உதட்டுக்கும் மூச்சுக்கும் அது சிறிது பிணங்கினாலும் சுருதி சிதறும். பனி பெய்யும் இரவில் ஒரு விதமாகவும், ஓமப்புகை சூழ்ந்த பந்தலில் வேறு விதமாகவும் அது பேசும். ஆதலினால் உபரிச் சீவாளிகள் சிலவும் அவற்றைத் திருத்தும் ஊசியும் நாயனத்தின் கழுத்திலேயே எப்போதும் தொங்கும். பலாமரத்தைக் குடைந்து செய்த தவிலோ தோளில் வாரினாற் கட்டித் தூக்கிச் செல்லப்படுவது. வலக்கை விரல்களிற் கூடு மாட்டி, இடக்கையிற் கழி பிடித்து இரவெல்லாம் முழக்கியவரின் தோளில் வார் பதிந்த தழும்பு வாழ்நாள் முழுதும் மாறாது.

இவையெல்லாம் உடம்பின் சிரமங்கள். மனத்துக்குச் சிரமம் வேறிடத்தில் இருந்தது. தாலி ஏறும் கணத்திற் பெரியவர் ஒருவர் விரலை உயர்த்தியதும், வாசித்துக்கொண்டிருந்த இராகம் எந்த இடத்தில் நின்றாலும் அவ்விடத்தே அதனை முறித்து, எல்லாத் தவில்களும் ஒருசேர முழங்குதல் வேண்டும். அமங்கலமான சொல்லோ தும்மலோ மணமக்கள் செவியில் விழாது மறைப்பதே கெட்டிமேளத்தின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் வித்துவானின் பக்கத்தில் நின்று இதனை நோக்குங்கள். இசையைக் கேட்கும்பொருட்டு அவரை எவரும் அழைப்பதில்லை. பிறவொலி கேளாதபடி செய்யவே அழைத்தனர். பத்து ஆண்டு குருகுலவாசஞ் செய்து கற்ற கல்யாணியை, பந்திக்கு இலை போடும் ஓசைக்கும் நகை பற்றிய உரையாடலுக்கும் இடையில் ஊதிவிட்டு, எல்லோரும் உண்டபின் தனியே ஓரிடத்தில் உணவருந்தி, சம்பாவனையைப் பெற்றுக்கொண்டு புறப்படுவதே வழக்கம். மங்கல வாத்தியம் என்ற பெருமை வாத்தியத்துக்கு மாத்திரம் உரியதாயிருந்தது. வாசித்தவர் இடுப்பிலே துண்டைக் கட்டி, திறந்த மேனியராய் நின்றனர். தோளிலே துண்டு போடும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

இந்தச் சூழலில் வளர்ந்த சிறுவன் முதலிற் கற்றது வாய்ப்பாட்டு. திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் பிடில் வாத்தியத்தில் அக்காலத்துப் பெருமேதை. அவரிடம் இராஜரத்தினம் பயின்றார். பாட்டுக் கச்சேரிகளும் செய்தார். பின்னரே குலவாத்தியமாகிய நாதஸ்வரத்துக்குத் திரும்பினார். இவ்வரிசை மாறி நிகழ்ந்திருப்பின் நாம் அறிந்த இராஜரத்தினம் பிள்ளை தோன்றியிருப்பாரா என்பது ஐயமே. நாயனக்காரர்கள் பலருக்கு விரலிலும் நாக்கிலும் பிறந்த இசை, இவருக்குக் கண்டத்திற் பிறந்தது. பாடுகின்றவன் எங்கே மூச்செடுப்பான், எங்கே ஒரு சுரத்தைக் குழைத்து நிறுத்துவான் என்பதை அறிந்த ஒருவரே நாயனத்தை அவ்விதம் பாடவைத்தல் கூடும்.

அவருக்கு முன் இருந்தோர் சிறியவர் அல்லர். மன்னார்குடிச் சின்னப்பக்கிரிப் பிள்ளையின் பெயரும், ரக்தி மேளத்திற் புகழ்கொண்ட செம்பனார்கோவில் இராமசாமிப் பிள்ளையின் பெயரும், வளர்ப்புத் தந்தையாகிய நடேச பிள்ளையின் பெயரும் காவிரிக் கரையெங்கும் போற்றப்பட்டன. அவ்வரிசையிலே இராஜரத்தினம் பிள்ளைக்கு வாய்த்த தனியிடம் இராக ஆலாபனையினால் அமைந்தது. தோடி என்றால் இராஜரத்தினம், இராஜரத்தினம் என்றால் தோடி என்று சொல்லுமளவுக்கு அவ்விராகம் அவருடைய உடைமையாயிற்று. சுவாமி வீதியுலா எழுந்தருளும்போது மணிக்கணக்காகத் தோடியை விரித்துக்கொண்டே செல்வார். உறக்கத்தை மறந்த சனங்கள் வீதி நிறைந்து உடன் நடப்பர். பக்கத்தூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தோர் சுவாமியை வணங்கியது எவ்வளவு, நாயனத்தை வணங்கியது எவ்வளவு என்று பகுத்தறிதல் எளிதன்று. இசைத்தட்டாக வெளிவந்த அவருடைய தோடி, கடல் கடந்து கொழும்பிலும் பினாங்கிலும் கிராமபோன் வைத்திருந்த வீடுகளிலெல்லாம் ஒலித்தது.

அவர் செய்த மாற்றங்களுள் முதலிற் குறிக்கத்தக்கது கருவியிற் செய்த மாற்றம். முற்காலத்து நாயனம் திமிரி எனப்படும். குட்டையானது, நான்கு, ஐந்து கட்டைச் சுருதியிற் கணீரென ஒலிப்பது. ஊர்வலத்தின் முன்னணியிலிருந்து கடைசி வரிசை வரையும் கேட்க வேண்டிய தேவைக்கு அது ஏற்றதாயிருந்தது. ஆயின் சுத்த மத்திமம் அதிலே செவ்வனே பேசாது. அச்சுரத்தைக் கொண்ட இராகங்களை வாசிப்போர் உதட்டாலும் மூச்சாலும் அதனை ஒருவாறு சமாளித்தே வந்தனர். தோடிக்கு உரியதும் சுத்த மத்திமமே என்பதை இசையறிந்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாயனம் கடையும் ஆசாரிமார் பரம்பரையில் வந்த அரங்கநாத ஆசாரியும் இராஜரத்தினம் பிள்ளையும் கூடி ஆராய்ந்து, குழலை நீட்டி, துளைகளின் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியிற் சுத்த மத்திமம் பிசகாது பேசும் பாரி நாயனத்தை உருவாக்கினர். ஒலிபெருக்கி பரவிய காலமும் அதுவாகையால், தூரத்துக்கு எட்டவேண்டும் என்ற பழைய கவலை குறைந்து, கனிவான தாழ்ந்த சுருதிக்கு இடமுண்டாயிற்று என்றே கொள்ளலாம். ஒத்து ஊதுவோரை விடுத்துத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டதும் இதனோடு சேர்ந்த மாற்றமே. இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாசிக்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பாரி நாயனந்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022 இல் இந்திய அரசு புவிசார் குறியீடு வழங்கியது. மரம் கடைந்தவருடைய பெயர் இவ்வாறு நிலைபெறுதல் நம்மிடையே அபூர்வம்.

இரண்டாவது மாற்றம் தோற்றத்தில் நிகழ்ந்தது. குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். காதிலும் விரலிலும் வைரம் மின்ன, சில சமயம் ஷெர்வானியும் சில சமயம் கோட்டும் அணிந்து, காலிற் சப்பாத்துடன் வந்தார். இதனைச் சிலர் டாம்பீகம் என்றனர். டாம்பீகம் அதில் இல்லை என்று நாமும் சாதிக்கவில்லை. ஆயினும் அது வெறும் ஆடைப் பிரியமா என்பதை அக்காலச் செய்தியொன்றைக் கொண்டு நிறுத்துப் பார்த்தல் தகும்.

சுயமரியாதை இயக்கம் வேகங்கொண்டிருந்த நாளிலே செட்டிநாட்டைச் சேர்ந்த கானாடுகாத்தானில் நடந்த கலியாண ஊர்வலமொன்றில் மதுரைச் சிவக்கொழுந்து என்னும் நாதஸ்வர வித்துவான் தோளிலே துண்டுடன் வாசித்து வந்தார். துண்டை எடுக்க வேண்டும் என்று ஊர்ப்பெரியோர் சிலர் தடுத்தனர். அங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்கலாகாது என்று வித்துவானின் பக்கம் நின்று வாதாட, ஒரு முழத் துணியின் நிமித்தம் மணவூர்வலமே தடைப்பட்டு நின்றது. வியர்வையைத் துடைப்பதற்கும் உதவாத இடத்திலேதான் துண்டு இருக்க வேண்டும் என்ற நியதி எத்துணை வன்மையாக இருந்தது என்பதை இதனால் அறியலாம். அத்தகைய காலத்திலே ஒரு நாயனக்காரர் கோட்டும் சப்பாத்துமாக மணப்பந்தருள் நுழைவது எளிய காரியமன்று. இயக்கத்தார் வாதத்தினாற் செய்ததை இராஜரத்தினம் பிள்ளை வித்தையின் செருக்கினாற் செய்தார். எந்தக் கூட்டத்தையும் சாராமல், தம் தோடிக்கு ஈடில்லை என்ற ஒரே துணிவுடன் செய்தார்.

நின்று வாசிக்க மாட்டேன், மேடை இட்டால் அமர்ந்து வாசிப்பேன் என்பது அவருடைய நிபந்தனை. பாட்டு வித்துவான்களுக்குக் கொடுக்கும் இடமும் மரியாதையும் தமக்கும் வேண்டும் என்றார். புகைவண்டியில் முதலாம் வகுப்பிலன்றி வாரார். கலியாண வீட்டில் அமர்ந்து கேட்போர் இருந்தால் நேரம் பாராது வாசிப்பார். பேச்சொலி மிகுந்தால் முகம் மாறும். அவருடைய நாயனம் வைப்பது தனவந்தரின் பெருமைகளுள் ஒன்றாயிற்று. மணப்பெண்ணின் நகையைப் பற்றிப் பேசுவதுபோல, யாருடைய மேளம் என்று பேசும் காலம் வந்தது. இதன் பயனாக ஒரு விநோதமும் விளைந்தது. முகூர்த்தத்துக்கென வந்தோர் முகூர்த்தம் முடிந்தும் புறப்படாமல் மாலைக் கச்சேரிக்காகத் தங்கினர். அழைப்பின்றி வந்தோர் பந்தலுக்கு வெளியே தெருவை நிறைத்தனர். மறைக்கும் ஒலியாக இருந்த வாத்தியம் கேட்கப்படும் இசையாக மாறிற்று.

மணவீட்டாருக்கும் ஒரு கட்சி உண்டு. அதனையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அச்சாரம் பெற்றும் வாராது விட்ட நாள்கள் அவர் வாழ்விற் பல. வந்தும் காலந்தாழ்த்திய நாள்கள் அவற்றினும் பல. மதுப்பழக்கம் அவரை ஆட்கொண்டிருந்தது, முன்கோபமும் உடனிருந்தது. மகளின் கலியாணத்துக்கு அவருடைய நாயனம் என்று ஊரெல்லாஞ் சொல்லிவைத்த தகப்பன், முகூர்த்த வேளை நெருங்க நெருங்க வாசலையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்து நின்ற நிலையை எண்ணினால், மேதையின் சுதந்திரம் என்று அதனை எளிதாக மன்னிக்க முடியவில்லை. மங்கலக் காரியத்துக்கு நாள் மீண்டும் வாராது. கச்சேரி தவறினால் மறுவாரம் வைத்துக்கொள்ளலாம். தாலி கட்டும் வேளையை வித்துவானுக்காக நிறுத்திவைக்க இயலாது. உள்ளூரிலே பெயரறியாத மேளகாரர் ஒருவரை ஓடிப்போய் அழைத்து வந்துதான் அத்தகைய வீடுகளில் முகூர்த்தம் நிறைவேறியிருக்கும். அந்தப் பெயரறியாதவர் உரிய வேளையிற் கெட்டிமேளங் கொட்டி, கடைசிப் பந்தியில் உண்டு, சென்றிருப்பார். இராஜரத்தினம் பிள்ளை பெற்ற ஆசனம் அவருக்கும் உடனே கிடைத்துவிடவில்லை.

தவிலில் அவருக்கு அமைந்த துணைகள் அவருடைய பாக்கியம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1949 இல் மறையும் வரை தவிலுலகின் தலைவராக விளங்கியவர். அவரும் இவரும் சேர்ந்த மேடையை நேரிற் கேட்டோர் அதனைச் சொல்லிச் சொல்லி முதுமையைக் கழித்தனர். இரண்டாவது நாயனத்துக்கு, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த காருகுறிச்சி அருணாசலம் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு தம் பாணியை அவருக்குப் புகட்டினார். உடன் வாசித்துக் கற்பதே அவர்களுடைய பாடசாலை, ஊர்வலமே வகுப்பறை.

1940 இல், எல்லிஸ் ஆர். டங்கன் நெறிப்படுத்திய காளமேகம் என்னும் படத்திற் புலவர் வேடம் பூண்டு நடித்தார். அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வானொலியும் இசைத்தட்டுமே அவரை நிலைநிறுத்தின.

1947 ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 ஆந் திகதி, இந்தியா விடுதலை பெறும் இரவுக்கு முன், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பிற் புதுதில்லி சென்றோர் ஜவஹர்லால் நேருவிடம் செங்கோல் அளித்தனர். உடன் சென்ற இராஜரத்தினம் பிள்ளை அவ்வேளையில் நாதஸ்வரம் வாசித்தார். அச்செங்கோல் 2023 இற் புதிய பாராளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டபோது பழைய நிகழ்ச்சி மீண்டும் பேசப்பட்டது. செங்கோலைப் பற்றிப் பலரும் பேசினர், நாயனத்தைப் பற்றிப் பேசியோர் சிலரே. துண்டு அணியும் உரிமைக்காக ஊர்வலம் தடைப்பட்ட நாட்டிலே, அந்தத் தொழிலைச் சேர்ந்த ஒருவர் ஆட்சி மாறும் தருணத்துக்கு மங்கல இசை வழங்கினார் என்பதைச் சரித்திரகாரர் மறந்தாலும் இசைக்குலத்தார் மறவார்.

ஈழநாட்டுடன் அக்கால வித்துவான்களுக்கு இருந்த தொடர்பு நெருங்கியது. தஞ்சை நாட்டிலிருந்து வந்து குடியேறிய இசைக்குடும்பங்கள் இணுவிலிலும் அளவெட்டியிலும் வேரூன்றின. திருவிழாக் காலங்களில் தமிழகத்து மேளங்களை வருவித்து, நம்மூர் மேளங்களுடன் எதிரெதிரே அமர்த்தி விடியும்வரை சமா வைப்பது யாழ்ப்பாணத்தாரின் பெரும்பித்து. இராஜரத்தினம் பிள்ளையும் இங்கு வந்து வாசித்தவரே. கொழும்பிலோ, செட்டியார் தெருக் கதிரேசன் கோவில்களை நடத்திய நகரத்தார் ஆடிவேல் விழாவுக்கு வேலைத் தேரேற்றித் தெற்கே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கங்களுக்கு எழுந்தருளச் செய்கையில் முன்னே நாதஸ்வரம் முழங்கும். அந்த வீதிகளில் நின்று கேட்டுப் பழகிய காதுகளே பின்னர்த் தம் பிள்ளைகளின் கலியாணங்களுக்கு நல்ல மேளம் தேடின. பொன்னுருக்குதல் முதல் கூறை மாற்றி மணமகள் வருவது வரை, எவ்விடத்துக்கு எவ்விராகம் என்று சொல்லத் தெரிந்த பெரியோர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒரு காலத்திற் பலர் இருந்தனர்.

அந்த இரசனையின் கனியாகவே இணுவிலில் 1933 இற் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியைக் கருதலாம். அவர் பாக்கு நீரிணையைக் கடந்து சென்று, தமிழகத்து முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கு வாசித்து, தஞ்சைத் தவிற்காரரே வியந்து நிற்கும் நிலையை எய்தினார். 1975 இல் நாற்பத்திரண்டு வயதும் நிறையாமல் மறைந்தார். கலையிலே கொண்டதைத் திருப்பிக் கொடுத்த பெருமை அவரால் நமக்கு உண்டாயிற்று. அவருடைய வரலாறு தனியே எழுதத்தக்கது; இங்கே இவ்வளவில் நிறுத்துகின்றோம்.

பிறர் மணங்களுக்கு வாசித்தே புகழ்பெற்ற இராஜரத்தினம் பிள்ளை தாமும் ஐந்து முறை மணந்துகொண்டார். தமக்கென்று பிறந்த பிள்ளை இல்லை. கைநிறையப் பெற்ற பொருள் கைநிறையவே செலவாயிற்று. இளமையிற் கண்ட வறுமையை எண்ணிச் சேமிப்போர் ஒருவகை. அதனைப் பழிவாங்குவதுபோலச் செலவிடுவோர் மற்றொரு வகை. அவர் இரண்டாம் வகையினர். இறுதி நாள்களிற் கையிருப்பு அதிகம் இருக்கவில்லை. 1956 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆந் திகதி சென்னையிற் காலமானார். அகவை 58.

அவருக்குப் பின் தோடியைத் தாங்கி நின்ற அருணாசலம், கொஞ்சும் சலங்கை என்ற படத்தின் வாயிலாக 1962 இல் வீடுதோறும் புகுந்தார். இரண்டாண்டு கழிந்து 1964 இல் அவரும் மறைந்தார். ஆந்திர நாட்டில் இஸ்லாமியக் குடும்பத்திற் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா, இராஜரத்தினம் பிள்ளையை மானசீகக் குருவாகக் கொண்டு அதே பாணியை வளர்த்தார். 1968 இல் வெளிவந்த தில்லானா மோகனாம்பாள் படத்துக் கதாநாயகனாகிய நாயனக்காரரின் மிடுக்கிலும் பிடிவாதத்திலும் இவருடைய சாயலைக் காண்போர் உளர். சென்னை இராஜா அண்ணாமலைபுரத்தில் முத்தமிழ்ப் பேரவையின் கலையரங்கம் இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவருடைய வெற்றியில் ஒரு பகுதி மணப்பந்தருக்கு எதிராகவே முடிந்தது என்பதும் நம் கருத்து. சிறந்த வித்துவான்கள் சபாக்களுக்கும் வானொலிக்கும் உரியவராயினர். அங்கே கேட்போர் வாய்மூடிக் கேட்பர். கெட்டிமேளத்துக்காக எவரும் விரலை உயர்த்தார். எஞ்சிய கலியாண வீடுகளை ஏற்று நடத்தியோர், மூச்சும் வித்தையும் குறைந்தவர் அல்லர், பெயர் குறைந்தவர். மணமக்களின் படம் பிடிப்போருக்கு முதலிடம் போனபின், மேளகாரர் இருக்கையும் படத்தில் விழாத மூலைக்கு நகர்ந்தது. சில வீடுகளில் அதுவும் இல்லை. ஒருகொடவத்தைச் சந்தியிற் கொள்கலன் லொறிகள் இரைந்து செல்லும் பெருவீதிக்கு அப்பால், சிறு வீடுகளிலும் சனசமூக மண்டபங்களிலும் நடைபெறும் கலியாணங்களைப் பாருங்கள். மேளத்துக்குக் கொடுக்கப் பணம் போதாதவர், கையடக்கத் தொலைபேசியில் உள்ள கெட்டிமேளத்தை ஒலிபெருக்கியோடு இணைத்துத் தாலி கட்டுகின்றனர். அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. கூறைச்சேலைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று அறிந்தவர் சொல்லட்டும். பணம் போதாமை அறியாத வெள்ளவத்தை மண்டபங்களில், மேளத்தை அரைமணி நேரத்துக்கு அமர்த்தி, அவ்வரைமணியிலும் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்வோரைப் பற்றி மட்டும் நமக்குச் சிறிது மனக்குறை உண்டு.

ஆயினும் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோவிற் பக்கத்திலும் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் இன்றும் நல்ல மேளம் கேட்கக் கிடைக்கின்றது. நான்குபேர் கொண்ட கோஷ்டி, இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதிக்குப் பெட்டி. சட்டையும் தோளிற் சால்வையும் அணிந்து, மணவறைக்குப் பக்கத்தில் இட்ட சிறுமேடையிற் சமுக்காளம் விரித்து அமர்ந்திருப்பர். அந்தச் சட்டைக்கும் சால்வைக்கும் மேடைக்கும் ஒரு வரலாறு உண்டென்பது கூடியிருப்போரிற் பலருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வருவதற்குச் சுணக்கமானால், மூத்த நாயனக்காரர் சீவாளியை நாவினால் நனைத்துக்கொண்டு தோடியைத் தொடங்குவதுண்டு. அந்தப் பழைய இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த முதியவர் ஒருவர் முன்வரிசையில் இருந்தால், தலையசைப்பதைக் காணலாம். மாப்பிள்ளையின் கார் வந்து சேர்ந்ததும் தோடி நின்றுவிடும். மேளம் எழுந்து வாசலுக்குப் போகும்.